அடுத்தவர் காருக்கு ஃபுல் டேங்க்

எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு பெண் பழைய கார் வாங்கப் போனால் பணமும் லைசென்ஸும் இருந்தால் மட்டும் போதாது. முன்சீட்டில் உட்கார்ந்து கியர் போட்டுப் பார்த்து, டயரை மிதித்து, கதவைப் படீரென்று சாத்தி, "கொள்ளாம்" என்று நற்சான்று சொல்வதற்கு ஆண்கள் வேண்டும். நான் யாரையும் கூப்பிடவில்லை. ஆனால் கார் பார்க்கப் போகிறேன் என்று வாயைத் திறந்த அன்றே எனக்கு இரண்டு ஆண்கள் கிடைத்துவிட்டார்கள். ஒருவர் என் கணவர். மற்றவர் அவருடைய அக்காள் வீட்டுக்காரர்.

நான் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்து படுத்தவர்களுக்கு வீடு தேடிப் போய்ப் பயிற்சி கொடுக்கிறேன். ஒற்றசேகரமங்கலத்துக்கு அப்பால் ஒரு மேட்டு உச்சியில் தையல்கார அக்கா ஒருவர் இருக்கிறார். வாதத்தில் அவருக்கு வலது பக்கம் விழுந்து, விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டே போயின. வாரத்தில் நாலைந்து நாளாவது பிடித்து நீட்டிப் பயிற்சி கொடுத்தால் அந்தக் கை மறுபடியும் கத்தரிக்கோல் பிடிக்க வாய்ப்புண்டு. இல்லாவிட்டால் முஷ்டி அப்படியே இறுகிவிடும். நான் வாரம் ஒரு நாள்தான் போய்க்கொண்டிருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கினால் ஆட்டோ மேட்டடி வரைக்கும் வரும். மழை பெய்தால் அதுவும் வராது. கரண்ட் கொடுக்கும் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறி முடிப்பதற்குள் எனக்கே ஒரு பிசியோதெரபிஸ்ட் தேவைப்படும்.

ஒரு முறை தோழியின் சின்னக் காரை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். ஏ.சி.யை அணைத்தும் அது முக்கி முக்கித்தான் ஏறியது. பாதி மேட்டில் எதிரே ஜீப் வந்தது, நிறுத்தினேன், அதோடு சரி. வந்த வழியே பின்னாலேயே இறங்க வேண்டியதாயிற்று. அன்றைக்குத்தான் டர்போ உள்ள வண்டிதான் வாங்குவது என்று முடிவு செய்தேன். டர்போ என்பது, எஞ்சின் கழித்து விடும் புகையைக் கொண்டே ஒரு சின்ன விசிறியைச் சுழற்றி, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் ஏற்பாடு. அதனால் சின்ன எஞ்சினுக்கும் மேட்டில் வலு வரும். பழசாக வாங்கும்போது அந்த விசிறியைத்தான் பார்க்க வேண்டும். அது தேய்ந்திருந்தால் ஆயில் கசிந்து உள்ளே எரிந்து நீலப் புகை வரும். காலையில் குளிர்ந்து கிடக்கும் வண்டியை முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது அந்தக் குட்டு வெளிப்படும். இதெல்லாம் பெரிய ரகசியம் இல்லை. போனில் வீடியோ பார்க்கத் தெரிந்த யாருக்கும் தெரியும். சமையல் முடித்துவிட்டு ஒரு மாதமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன், அதாவது என் கணவரின் அக்காள் வீட்டுக்காரர், வீடியோ எதுவும் பார்ப்பதில்லை. அவருக்குப் பிறவி ஞானம். சொந்தமாகக் கார் வைத்திருந்ததில்லை, ஓர் ஓட்டை பைக்தான். ஆனால் பாறசாலை முதல் நெய்யாற்றின்கரை வரை சொந்தத்தில் யார் கார் வாங்கினாலும் முன்சீட்டில் அவர் இருப்பார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் சாவு வீட்டில் பிணமாகவும் இருக்க ஆசைப்படும் ரகம். என் கணவருக்கு அவர் சொல்வதெல்லாம் வேதவாக்கு. கணவர் மின்சாரச் சாமான் கடை வைத்திருக்கிறார், கடை வேனை நன்றாகவே ஓட்டுவார். ஆனால் அளியன் (மச்சானை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள்) பக்கத்தில் இருந்தால் இண்டிகேட்டர் போடுவதற்குக்கூட அவர் முகத்தைப் பார்ப்பார்.

அதியன்னூரில் ஒரு வீட்டில் வண்டி இருந்தது. விற்பவர் ஓய்வுபெற்ற அரசாங்க ஊழியர். வண்டி மகனுடையது, மகன் கல்ஃபில். லீவுக்கு வரும்போது மட்டும் ஓட்டியதாம். எங்கள் பக்கம் விற்பனைக்கு வரும் கார்கள் எல்லாமே இப்படித்தான். ஒன்று கல்ஃப்காரர் லீவுக்கு ஓட்டியதாக இருக்கும், இல்லாவிட்டால் டாக்டர் ஆஸ்பத்திரிக்கு மட்டும் ஓட்டியதாக இருக்கும். தினமும் காட்டடி அடித்து ஓட்டிய மனிதர்கள் தங்கள் கார்களை எங்கே கொண்டுபோய் விற்கிறார்களோ, இன்று வரை எனக்குத் தெரியாது.

முற்றத்தில் நின்ற காரின் பானெட்டில் கை வைத்தேன். சுட்டது. விற்பவர் பார்த்துவிட்டார். நாங்கள் வருகிறோம் என்று கழுவித் துடைத்துக் கொஞ்சம் ஓட்டிக் கொண்டுவந்து நிறுத்தியதாக என் கணவரிடம் சொன்னார். கை வைத்தது நான், பதில் அவருக்கு. அண்ணன் தானும் பானெட்டைத் தொட்டுப் பார்த்து, "நல்ல சூடு உண்டு. எஞ்சின் ஆரோக்கியமாக்கும்" என்றார். காய்ச்சல் வந்தவரைத் தொட்டுப் பார்த்தாலும் அவர் இதைத்தான் சொல்வார்.

நான் என் கணவரைத் தனியாகக் கூப்பிட்டு, இது வேண்டாம், நாளை காலையில் சொல்லாமல் வந்து வண்டி குளிர்ந்திருக்கும்போது பார்க்கலாம் என்றேன். அவர் அதை அப்படியே அண்ணனிடம் போய்ச் சொன்னார். அண்ணன் விற்பவரிடம் சொன்னார். மூவரும் சிரித்தார்கள். மற்றவர் வீட்டு வாசலில் விடியற்காலம் போய் நிற்பது மரியாதை இல்லையாம். காரைப் பார்க்கப் போனோமா, பெண் பார்க்கப் போனோமா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். போகும்போது அவர்கள் ஓட்டுவது, வரும்போது நான் எடுப்பது என்று பேச்சு. கணவர் ஸ்டியரிங்கில், அண்ணன் பக்கத்தில், பின்னால் நானும் விற்பவரும். கிழக்கே மேட்டுப் பக்கம் போகலாம் என்றேன். வண்டியை அறிய வேண்டுமானால் ஹைவேயில் விட வேண்டும் என்றார் அண்ணன். வண்டி அமரவிளை தாண்டித் தெற்கே பறந்தது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் சீட்டோடு முதுகு ஒட்டியது. டர்போ வேகம் ஏறிய பூரிப்பில் அண்ணன், "பாத்தியா மக்கா, டர்போ கேறுகது" என்று என் கணவரின் தொடையில் அடித்தார். சமதரையில் யாருடைய வண்டியும்தான் பறக்கும். எனக்கு வேண்டியது மேட்டில் நின்று ஏறும் வண்டி. அதைச் சொன்னேன். பாட்டுப் பெட்டியின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை, அல்லது கேட்காததுபோல் இருந்தார்கள்.

பாறசாலையும் கடந்துவிட்டோம். திரும்புவார்கள் என்று பார்த்தால் வண்டி நேரே களியக்காவிளைக்குள் போய், தமிழ்நாட்டு எல்லை தாண்டியதும் இருக்கும் பெட்ரோல் பங்கில் தானாகவே நுழைந்தது. தானாகவே என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் யோசித்து நுழைக்கவில்லை. தமிழ்நாட்டுப் பக்கம் பெட்ரோல் விலை குறைவு. கல்யாணத்துக்குப் போனாலும் துட்டிக்குப் போனாலும், எல்லை தாண்டிய எங்கள் ஊர்க்காரன் டேங்கை நிரப்பாமல் திரும்பிவர மாட்டான். கை அதற்கே பழகிவிட்டது. அண்ணன் கண்ணாடியை இறக்கி, "ஃபுல்லாக்கு" என்றார். என் கணவர் பர்ஸை எடுத்தார்.

வண்டி நம்முடையது இல்லையே என்று இருவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பின்சீட்டில் வண்டிக்குச் சொந்தக்காரர் உட்கார்ந்திருந்தார். ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள். அவர் பெட்ரோல் டேங்குக்குள் ஓடும் சத்தத்தைத் தேவாரம் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார். நிறைந்ததும், "சாறே, காற்றும் பாத்துக்கிடலாம்" என்றார். அதற்கும் என் கணவர் இறங்கினார். சிரிக்கவா அழவா என்று தெரியாமல் நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது பேச்சு மாறியிருந்தது. வண்டி எப்படி என்று யாரும் பேசவில்லை. எப்போது அட்வான்ஸ் கொடுப்பது, யார் பெயருக்கு மாற்றுவது என்று பேசினார்கள். நிறைந்த டேங்க் அவர்களுக்குத் தாலி கட்டிவிட்டது. பாறசாலை வந்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கிப் போய் கணவர் பக்கக் கதவைத் திறந்துகொண்டு நின்றேன். பழக்கம் விட்டுப் போயிருக்கும் என்றார் கணவர். உள்ளே கை நீட்டி ஹாரன் அடித்தேன். அவர் இறங்கினார்.

காரக்கோணம் வழியாகக் கிழக்கே விட்டேன். அண்ணன் முன்சீட்டில் மேலே உள்ள கைப்பிடியை ஒரு கையாலும் டேஷ்போர்டை மறு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். சமதரையில் நூறில் போனபோது எதையும் பிடிக்காதவர். ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஒரு நல்ல மேட்டில் ஏற்றினேன். ஏறியது. பாதியில் வேண்டுமென்றே நிறுத்தி, மறுபடியும் எடுத்தேன். முதலில் ஒன்றுமே இல்லை, மாடு எழுந்திருக்க யோசிப்பதுபோல் நின்றது. பிறகு ஒரு குலுக்கு, ஒரு விசில் சத்தம், அதன் பிறகுதான் நகர்ந்தது. கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். சாலை நீலமாக இருந்தது.

வண்டியை ஓரங்கட்டி எல்லோரையும் இறக்கிக் காட்டினேன். புகை இன்னும் கலையவில்லை. அண்ணன் தோட்டத்துப் பக்கம் கை நீட்டி, அது ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையிலிருந்து வருவது என்றார். அங்கே புகைப்புரையும் இல்லை, ஓலைக் குடிசையும் இல்லை. எஞ்சினை முறுக்கிக் காட்டினேன். எங்கள் காலடியிலேயே வந்தது. அண்ணன் மூக்கைப் பொத்திக்கொண்டு, பெட்ரோல் தமிழ்நாட்டுப் பெட்ரோல் அல்லவா, கலப்படம் இருக்கும் என்றார். விற்பவர் வானத்தைப் பார்த்தார். என் கணவர் அளியனைப் பார்த்தார்.

அதியன்னூர் முற்றத்தில் சாவியை விற்பவர் கையில் கொடுத்து, வேண்டாம் என்றேன். அப்போதுதான் அன்றைய நாளின் உச்சம் வந்தது. அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்போ பெட்ரோலு?" என்று கேட்டார்.

விற்பவர் மிகுந்த பணிவோடு, "நீங்க ஆசையா போட்டது இல்லியா சாறே" என்றார்.

ஒரு குழாயும், பிடித்து வைக்க ஒரு பிளாஸ்டிக் கன்னாசும் கிடைத்தால் உறிஞ்சி எடுத்துக்கொள்ளலாம் என்றார் அண்ணன். விற்பவரும் நல்ல மனிதர், செடிக்குத் தண்ணீர் விடும் குழாயை வெட்டியே கொடுத்தார். இந்தக் காலத்து வண்டிகளில் டேங்க் வாய்க்குள் தடுப்பு இருக்கும், குழாய் உள்ளே இறங்காது. அது விற்பவருக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கும். அண்ணன் குனிந்து நின்று குழாயைத் திருகிக்கொண்டும் உறிஞ்சிக்கொண்டும் இருந்தார். என் கணவர் டார்ச் அடித்தார். வீட்டுக்குள்ளிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் கேட்டுக்கு வெளியே போய் பஸ்ஸுக்கு நின்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் இருந்தது. மேட்டு வீட்டில் ஒரு கை நாளுக்கு நாள் இறுகிக்கொண்டிருக்க, இங்கே இரண்டு ஆண்கள் பெட்ரோல் உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

அன்றிரவு கணவரிடம் ஒன்றுதான் சொன்னேன். இனி கார் பார்க்க நீங்களும் வர வேண்டாம், அண்ணனும் வர வேண்டாம்.

அவர், "தனியாட்டு போனா ஆளுவ என்ன சொல்லும்?" என்றார்.

"நாம கூட்டமாட்டு போனதுக்கு குழாய் குடுத்தாவ. அத விடவா சொல்லுவாவ?"

அவர் போனைக் கையில் எடுத்து, கீழே வைத்தார். அளியனுக்குப் போன் செய்து கேட்க வழியில்லை, நான் பக்கத்தில் இருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில், காரக்கோணம் பக்கம் ஒரு வீட்டின் கேட்டைத் தட்டினேன். முந்தின நாள் போனில் பேசும்போது மத்தியானம் வருவதாகச் சொல்லியிருந்தேன். பல் துலக்கிக்கொண்டே வந்தவர், என் கூட யார் வந்திருக்கிறார்கள் என்று தெருவைப் பார்த்தார், ஆண்கள் யாராவது ஆட்டோவிலிருந்து இறங்குவார்கள் என்று எதிர்பார்த்திருப்பார். பானெட்டில் பனி இருந்தது. ஸ்டார்ட் செய்து பின்னால் போய் நின்று பார்த்தேன். புகை இல்லை. மேட்டில் ஏற்றினேன், நிறுத்தி எடுத்தேன், ஏ.சி. ஓட ஓட ஏறியது. பெயின்ட் மங்கல், ஒரு கதவில் சொட்டை. அண்ணனாக இருந்தால் அந்தச் சொட்டையைப் பற்றியே அரைநாள் பேசியிருப்பார். என் பெயரிலேயே எழுதி வாங்கினேன். அண்ணன் பிறகு வந்து டயரை மிதித்துப் பார்த்து, தான் சொல்லிக் கொடுத்ததால்தான் நல்ல வண்டி கிடைத்தது என்று ஊரெல்லாம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். சொல்லட்டும், டயருக்கு வலிக்காது.

முதல் நாள் தையல்கார அக்கா வீட்டுக்கு முற்றம் வரைக்கும் வண்டியிலேயே போனேன். மழை பெய்துகொண்டிருந்தது. கட்டிலில் படுத்திருந்தவருக்கு எஞ்சின் சத்தம் கேட்டிருக்கிறது. பெட்டியோடு உள்ளே போன என்னைப் பார்த்துவிட்டு, எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இனி வாரத்தில் ஐந்து நாள் வருவேன் என்று சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. கோணிய வாயைக் கஷ்டப்பட்டுத் திரட்டி, "ஆரு ஓட்டினது?" என்று கேட்டார்.

"நானாக்கும்" என்றேன்.

அவர் நம்பவில்லை, தலையை ஆட்டினார். கை கால் விழுந்தாலும், வண்டி ஓட்டுவது ஆண்தான் என்ற நம்பிக்கை மட்டும் விழவில்லை போலிருக்கிறது. எனக்குச் சுருக்கென்றது. அவரைத் தூக்கி ஜன்னலோரம் உட்காரவைத்தேன். மழையில் இறங்கிப் போய், வண்டியைப் பின்னால் எடுத்து, அந்தச் சின்ன முற்றத்தில் ஒடித்துத் திருப்பி, மேட்டில் பாதி இறங்கி, நிறுத்தி, பின்னாலேயே ஏற்றிக்கொண்டு வந்து நிறுத்திக் காட்டினேன். ஜன்னலில் அவருடைய நல்ல கை கம்பியைப் பிடித்திருந்தது. உள்ளே போய்த் தலையைத் துடைத்துக்கொண்டு, மற்ற கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாக விரிக்க ஆரம்பித்தேன்.