துணைச் சங்கத்துப் பட்டம்மாள்

கும்பலை முழங்கையால் இடித்துக்கொண்டு பட்டம்மாள் உள்ளே நுழைகிறாள். பஸ் நிலையத்தில் வாலாஜாபாத் பஸ் நிற்கிற இடத்தில் ஒரு ஆள் தரையில் கிடந்து வெட்டி வெட்டி இழுக்கிறான். சுற்றிலும் நாற்பது பேர். ஒருவர் அவன் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறார். இன்னொருவர் செருப்பைக் கழற்றி மூக்கிடம் கொண்டுபோகிறார். வாயில் கரண்டி விடவேண்டும் என்று மூன்றாமவர் கத்துகிறார். கரண்டி வாங்க ஓட்டலுக்கு ஆள் ஓடியிருக்கிறது.

"நவுருங்கப்பா! இன்னா, தேர் பாக்க வந்தீங்களா? காத்து வர வுடு!"

சாவிக்கொத்தைப் பிடுங்கி எறிகிறாள். "இரும்பு குட்த்தா நின்னுடும்மா" என்கிறார் சாவிக்காரர்.

"சாவி உன் வூட்டுப் பூட்டுக்கு. அவன் மண்டையில பூட்டு எதுவும் தொங்கல. ஓரமாப் போ."

இடுப்பில் செருகியிருக்கும் பழைய சேலைத் துண்டை நாலாய் மடித்து அவன் தலைக்குக் கீழே கொடுக்கிறாள். சட்டைப் பொத்தானைக் கழற்றிவிடுகிறாள். இழுக்கிற கையைப் பிடித்து அமுக்கமாட்டாள். இழுப்பு ஓய்ந்ததும் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் வழிவதைத் துடைக்கிறாள். அவன் கண் திறந்து மலங்க மலங்கப் பார்க்கும்போது அவள் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: "ஒண்ணுமில்லபா. பஸ் ஸ்டாண்டுல இருக்கிற. வுயுந்துட்ட. வேட்டி ஒயுங்காத்தான் இருக்குது." வேட்டி நனைந்திருந்தாலும் இதைத்தான் சொல்வாள். அதற்குள் தலைக்குக் கொடுத்த துண்டை எடுத்து மூடியிருப்பாள்.

இடது கையில் ஆம்பிளைக் கடிகாரம் ஒன்று கட்டியிருக்கிறாள். செத்துப்போன புருஷனுடையது. வார் பெரிதாக இருப்பதால் கையைத் தூக்கினால் முழங்கை வரை போகும், இறக்கினால் மணிக்கட்டுக்கு வரும். நேரம் பார்க்க அவளுக்கு வேறு தேவையே கிடையாது. இழுப்பு அஞ்சு நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் ஆஸ்பத்திரி; அதற்காகத்தான். ஒருமுறை ரங்கசாமி குளத்துப் பக்கம் ஒருவன் இழுத்துக் கிடந்தபோது ஒரு பெரிய மனுஷர் அந்தக் கடிகாரத்தைக் காட்டி, "வாரு தோல்தானே, கழட்டி மோந்து பாக்கக் குடும்மா" என்றாராம். "நீ கிட்ட வா, மொதல்ல உனக்கு மோப்பம் காட்றேன்" என்றிருக்கிறாள். அவர் வரவில்லை.

பிள்ளையார்பாளையத்தில் பட்டு நூல் சுற்றிப் பிழைக்கிறவள். ஐம்பது வயது இருக்கும். வாயில் வெற்றிலை. பேசுவதற்கு முன் துப்பிவிட்டுத்தான் பேசுவாள், அதனால் அவள் துப்பினாலே எதிரில் நிற்கிறவர்கள் ஒரு அடி பின்னால் போய்விடுகிறார்கள். யாராவது "காக்கா வலிப்பு" என்று சொல்லிவிட்டால் போச்சு. "காக்கா உன்னிய இன்னா பண்ணிச்சி? அது பாட்டுக்கு சோறு தின்னுக்கினு இருக்குது. வலிப்புன்னு சொல்லு."

அவள் தம்பி பெயர் கந்தன். பன்னிரண்டு வயதில் அவனுக்கு வலிப்பு வந்தது. நெற்றியில் ஒரு சூடு, பிடரியில் ஒரு சூடு, உள்ளங்காலில் ஒரு சூடு போட்டார்கள். சூடு ஆறியது, வலிப்பு ஆறவில்லை. பத்தொன்பது வயதில் தென்னேரிக்கு ஒரு காரியமாகப் போனவன், ஏரியில் குளிக்க இறங்கிய இடத்தில் இழுப்பு வந்து குப்புற விழுந்தான். முழங்கால் தண்ணீர். கரையில் துணி துவைக்கிறவர்களும் மாடு கழுவுகிறவர்களுமாகக் கூட்டம். நுரை மேலே பட்டால் தங்களுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று ஒருவரும் இறங்கவில்லை. அவன் அசைவு நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருந்து, நின்றபிறகு தூக்கினார்கள். பிணத்தைத் தொட்டால் ஒட்டாது போலிருக்கிறது. பட்டம்மாள் இதை நூல் சுற்றிக்கொண்டே, ஒரு இழை அறாமல் சொல்லுவாள்.

வலிப்பு உள்ளவர்களுக்காக அவள் சங்கம் ஆரம்பித்து ஆறு வருஷம் ஆகிறது. துணைச் சங்கம் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் கூடுவார்கள். எதிர்ச்சாரியில் சீட்டாடுகிறவர்கள் வைத்த பெயர் நுரைச் சங்கம். பட்டம்மாளோடு இருப்பவர் தேவசகாயம், ஓய்வு பெற்ற கம்பவுண்டர், உரக்கப் பேசவே தெரியாதவர். மாதம் ஒருமுறை முதல் பஸ்ஸில் மெட்ராஸ் போய், பெரியாஸ்பத்திரி வரிசையில் நின்று, எல்லாருடைய சீட்டையும் காட்டி மாத்திரை வாங்கிவருவார். தாழ்வாரத்தில் மருந்து பாதி, வசவு பாதி. கிருத்திகை விரதம் என்று ஒருவன் மாத்திரையை நிறுத்திவிட்டு வந்து நின்றான். "சாமி சோத்தத்தாண்டா வேணாம்னுச்சி! மாத்திரையையுமா வேணாம்னுச்சி? யார்கிட்ட வந்து சொல்லிச்சி, உன் காதுலயா?" என்று அவள் கேட்டதில் அவன் அங்கேயே தண்ணீர் வாங்கி விழுங்கினான்.

மாத்திரை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். பட்டம்மாள் செய்த பெரிய காரியம் வேறு. நம் ஊர்ப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று சேர்த்து நெய்வதைக் கோர்வை என்கிறோம். கரைக்குத் தனி நாடா, குறுக்கு நூலை ஓட்டுகிற கட்டை. அதை வீசுவதற்கு நெய்கிறவரின் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்தே ஆகவேண்டும். வலிப்புக்காரனைத் தறியில் உட்காரவைத்தால் கால் வைக்கிற குழியில் விழுவான், மரத்தில் மண்டையை இடித்துக்கொள்வான் என்று வீட்டிலேயே விலக்கிவைத்திருந்தார்கள். பட்டம்மாள்தான் கேட்டாள்: "பக்கத்துலயே ஒரு ஆள் குந்திக்கினு இருக்குதே, அந்த ஆளுக்குச் சொல்லிக் குட்த்தா இன்னா?" சொல்லிக்கொடுத்தாள். நெய்கிறவர் கண் ஒரே இடத்தில் நிலைத்தால், நாடா பிடித்த கை நின்றால், உடனே மார்புக்குக் குறுக்கே கையைக் கொடுத்துப் பின்னால் சாய்த்துவிடவேண்டும். அவ்வளவுதான் வித்தை. விலக்கிவைத்த எட்டுப் பேர் மறுபடியும் தறியில் உட்கார்ந்தார்கள்.

அந்த எட்டில் ஒருத்தி ரேணுகாம்பாள். இருபத்தாறு வயது. கல்யாணமான மூன்றாம் மாதம் இழுப்பு வந்தது. புருஷன் அதே வாரம் கொண்டுவந்து தாய்வீட்டில் விட்டுவிட்டுப் போனவன்தான். இறந்துபோன அப்பாவின் தறியில் அவள் நெய்வாள், பக்கத்தில் அம்மா மணியம்மாள் கரை வீசுவாள். நான் பாவு பிணைக்கிறவன், நீளவாட்டு நூலை இழை இழையாகத் தறியில் சேர்க்கிறவன், நூறு தறி பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவள் கோர்வையில் உடலும் கரையும் சேர்கிற இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் கண்டுபிடிக்க முடியாது.

இப்படிப் போய்க்கொண்டிருந்ததை ஒரு காகிதம் கெடுத்தது. சங்கத்தைப் பதிவு செய்தால் மாத்திரைக்குச் சர்க்கார் உதவி கிடைக்கும் என்று தேவசகாயத்திடம் யாரோ சொன்னார்கள். இருவரும் ஒரு ஆபீசுக்குப் போனார்கள். அங்கே இருந்த குமாஸ்தா, பயன்பெறுகிறவர்களின் பெயர், தகப்பன் பெயர், தெரு, தொழில், நோய் எல்லாம் எழுதிக் கொண்டுவரச் சொன்னான்.

"பேரு எதுக்குப்பா? முப்பத்தேழு பேருன்னு எண்ணிக்கை போட்டுக்க."

"ஏம்மா, பேரில்லாத ஆளுக்கு சர்க்கார் மாத்திரை குடுக்குமா?"

"வலிப்பு பேரப் பாத்தா வருது?"

குமாஸ்தா சிரித்தான். தேவசகாயம் கெஞ்சினார். பட்டம்மாளுக்கு மனமில்லை. ஆனால் எழுபது வயதுக் கிழவர் இன்னும் எத்தனை மாதம் முதல் பஸ் பிடிப்பார் என்று அவளுக்கும் தோன்றியிருக்கிறது. சரி என்றுவிட்டாள். தேவசகாயம் முத்து முத்தாக எழுதினார். அடியில் பட்டம்மாள் கையெழுத்துப் போட்டாள்.

அந்தக் காகிதம் பத்து நாளில் ஜவுளி முதலாளி ஒருவர் மேசையில் இருந்தது. எப்படிப் போனது என்று ஆபீசில் கேட்டால் ஒவ்வொரு மேசையும் அடுத்த மேசையைப் பார்க்கிறது. முதலாளி இன்னொரு முதலாளிக்குச் சொன்னார். வலிப்புக் கை பட்ட முகூர்த்தப் புடவை பெண்ணுக்கு ஆகாதாம். ஒரு மாதத்தில் எட்டுத் தறியில் ஏழு தறி நின்றது.

எனக்கு ஒன்று புரியவில்லை, படித்தவர்கள் சொல்லட்டும். கல்யாணப் புடவையைப் பசியோடு நெய்யலாம். காச நோயில் இருமிக்கொண்டு நெய்யலாம். வீட்டில் பிணத்தை எடுத்த மூன்றாம் நாள் அழுதுகொண்டு நெய்யலாம். அதெல்லாம் பெண்ணுக்கு ஆகிறது. மாத்திரை போட்டுக்கொண்டு, அம்மா பக்கத்தில் உட்கார, ஒழுங்காக நெய்தால் ஆகாது.

பெயர் வெளியே வந்தபிறகு பள்ளிக்கூடத் தாழ்வாரத்துக்கு ஆள் வருவது நின்றது. மாத்திரை நின்றால் இழுப்பு இரட்டிப்பாக வரும். பட்டம்மாள் பையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். திருப்பருத்திக்குன்றத்தில் கங்கையம்மாள் என்பவள், அவள் மகனுக்குத்தான் வலிப்பு, பாதிக் கதவைச் சாத்திக்கொண்டு, "எங்க வூட்ல யாருக்கும் ஒண்ணுமில்ல, போ" என்றாள். தெருவில் ஆட்கள் இருந்தார்கள். பட்டம்மாள் பொட்டலத்தை ஜன்னலில் வைத்தாள். "ஒண்ணுமில்லாதவங்க சாப்டப்புறம் ஒண்ணு போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மிச்சமிருந்த எட்டாவது தறி ரேணுகாம்பாளுடையது. மூன்று புடவைப் பாவு, முதலாளி கொடுத்தது. இரண்டு அறுத்துக் கொடுத்தாயிற்று, மூன்றாவதில் மூன்று முழம் பாக்கி. அந்தப் பாவைப் பிணைத்தவன் நான் என்பதால், அதை எடுக்க ஆள் வருகிறது என்று கேள்விப்பட்டு நானும் போனேன். எனக்கு முன்னால் பட்டம்மாள் வந்து, மணியம்மாளை எழுப்பிவிட்டு, கரை வீசுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தாள். ரேணுகாம்பாள் தலை நிமிராமல் நெய்துகொண்டிருந்தாள். முதலாளியின் மேஸ்திரி ராஜகோபால் கத்தரிக்கோலோடு வாசலில் செருப்பை விட்டார்.

"எய்ந்திரு பட்டம்மா."

"எய்ந்திருக்கறேன். தொட்டுப் பாத்து ஒரு குத்தம் சொல்லு, எய்ந்திருக்கறேன்."

ராஜகோபால் பழைய ஆள், வேலை தெரிந்தவர். குனிந்து கரையோரம் விரலை ஓட்டினார். இன்னொரு முறையும் ஓட்டினார். "வேலையில குத்தம் இல்ல" என்றார்.

"பின்ன எதுல?"

"மூர்த்தப் பொடவ, பட்டம்மா. தெரிஞ்சி எப்டி வாங்குவாங்க?"

"போன தை மாசம் இவ நெய்ஞ்ச பொடவயக் கட்டிக்கினு தாலி வாங்கிச்சே உன் மொதலாளி மச்சான் பொண்ணு, அது இப்ப முயுவாம இருக்குதுன்னு நீதான சொன்ன? போயி அந்தப் பொடவயப் புடுங்கிக்கினு வா. பாக்கறேன்."

"அப்ப தெரியாதே."

"தெரியாதப்ப வராத தோஷம், தெரிஞ்சதும் எந்த பஸ்ஸு புட்ச்சி வந்துது?"

வாசலில் நின்றவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். ராஜகோபால் சிரிக்கவில்லை. கத்தரிக்கோலைக் கைமாற்றிப் பிடித்தார்.

ரேணுகாம்பாள் அப்போதுதான் வாய் திறந்தாள். "மூணு மொழம்தான் மேஸ்திரி. முட்ச்சிக் குட்த்துடறேன். அப்பறம் பாவு குடுக்காட்டி போங்க. பாதியில அறுக்காதீங்க."

"நான் இன்னாம்மா பண்றது? எட்த்துக்கினு வான்னுட்டாரு. எனக்கும் வூடு இருக்குது."

அவர் அறுத்தார். நூல் கோத்த அச்சுக்கு இந்தப் பக்கம் ஒரு வெட்டு, நெய்த பட்டு தனியாக வந்தது. அந்தப் பக்கம் ஒரு வெட்டு, நெய்யாத பாவு தளர்ந்து விழுந்தது. இரண்டையும் சுருட்டித் துணியில் கட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கினார். மணியம்மாள் சுவரோரம் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். ரேணுகாம்பாள் குழியில் காலை வைத்தபடி அப்படியே இருந்தாள்.

பட்டம்மாள் துப்புவாள், தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவாள் என்று எல்லாரும் காத்திருந்தோம். அவள் பலகையில் நகர்ந்து அச்சுக்கு நேராக வந்தாள். நாலாயிரத்துச் சொச்சம் இழைகளும் அச்சுப் பல்லில் சாண் நீளத்துக்கு அறுந்து தொங்கிக்கொண்டிருந்தன. அவை அங்கேயே நின்றால், என்றைக்காவது புதுப் பாவு வந்தால் நுனிக்கு நுனி பிணைத்துவிடலாம். உருவிக்கொண்டு விழுந்துவிட்டால் தறி வெறும் மரம்.

"எதுக்குக்கா?" என்றாள் ரேணுகாம்பாள். "யாரு பாவு குடுக்கப்போறா?"

பட்டம்மாள் ஒரு பிடி இழையைச் சேர்த்து, உருவாமல் நுனியில் முடிச்சுப் போட்டாள். இழுத்துப் பார்த்தாள். அடுத்த பிடியை எடுத்தாள்.