நெட்டையர் போட்ட சைபர்கள்

நெட்டையருக்குச் சுவர்களுக்குப் பெயின்ட் அடிக்கும் தொழில். ஆறடிக்கு மேல் வளர்ந்த உடம்பு, அதனால் அந்தப் பெயர். இரண்டு வருடத்துக்கு முன்பு இதயம் மக்கர் பண்ணத் தொடங்கியது. மனிதர் அசரவில்லை. வேலையைப் பங்கு போட்டார். கை எட்டும் உயரம் வரை அவர், அதற்கு மேலே ஏணி வைத்து அவர் மச்சான். இருவர் கையும் சேரும் இடம் தெரியாதபடி பிரஷ்ஷை இழுத்துவிடுவார்கள். நாளடைவில் ஏணி என்ற ஒன்று இருப்பதே நெட்டையருக்கு மறந்துவிட்டது.

அன்று மருத்துவமனையில் நர்ஸ் ஒரு படிவத்தைக் கொடுத்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் கஷ்டம் துளியும் இல்லையென்றால் சைபர், ரொம்பக் கஷ்டம் என்றால் ஐந்து.

"இதைப் பார்த்துதான் டாக்டர் முடிவு பண்ணுவார் சார். கம்மியா வந்தா இதே மாத்திரை. அதிகமா வந்தா வால்வு மாத்துறதைப் பத்திப் பேசுவார்."

ஆபரேஷன் என்றாலே நெட்டையருக்குப் பயம். ஆனால் அவர் பொய் எழுதவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? சைபர். படுத்தால் திணறுகிறதா? சைபர். மளமளவென்று கடைசி வரை சைபர்.

எட்டிப் பார்த்த மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏங்க, நீங்க படி ஏறி எத்தனை மாசம் ஆச்சு?"

"ஏறலை. அதனால மூச்சு வாங்கலை. கேட்டதுக்குத்தானே பதில் எழுத முடியும்?"

"படுத்தா திணறலையாம்! சேர்ல உக்காந்து தூங்குற மனுஷன்!"

"நல்ல சேர் அது" என்றார்.

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். இப்படிச் சைபர் போடுகிறவர்களை அவள் நிறையப் பார்த்தவள். முடியாததை ஒவ்வொன்றாக விட்டுவிடுவார்கள், விட்ட பிறகு கஷ்டம் எங்கிருந்து வரும்?

"சரி சார், உடம்பு நல்லா இருந்திருந்தா இப்ப என்ன செய்வீங்க? அதைச் சொல்லுங்க."

மனைவிதான் சொன்னாள். மகள் குடியிருப்பது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பேத்திக்கு ஏழு மாதம். இவர் கீழே நின்று குரல் கொடுப்பார், மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வருவாள். கையெல்லாம் பெயின்ட், மேலே வந்தால் வீடு அழுக்காகிவிடும் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு. குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போன நாளிலும் அதே சாக்குதான்.

"பேத்தி எந்த ரூம்ல தூங்குதுன்னுகூட இவருக்குத் தெரியாது சிஸ்டர்" என்றாள்.

பாவம், அந்த மனிதர் அதுவரை தான் நன்றாகத்தான் இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தார்.

நர்ஸ் படிவத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். குடும்பத்தாரோடு விரும்பியபடி இருக்க முடியாமல் போகிறதா என்பது கடைசிக் கேள்வி. அங்கே போட்டிருந்த சைபரை நெட்டையர் அடித்தார். பக்கத்தில் ஐந்து என்று எழுதினார். எழுதியதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், அஞ்சுக்கு மேல போட முடியாதா?"