என் தாடை வரைந்த கோடுகள்

பல் முழுவதும் போன பிறகு கட்டிய முதல் செட் எனக்குச் சரிப்படவே இல்லை. பேசினால் கீழ்ச்செட் மிதக்கும், மென்றால் மேல்செட் இறங்கும். ஒரு கல்யாணப் பந்தியில் அப்பளத்தைக் கடித்தபோது மேல்செட் கழன்று இலையில் விழுந்தது. எதிர் வரிசையில் இருந்தவர் பார்க்காதது போலத் திரும்பி ரசம் கேட்டார். அதன்பிறகு நான் எந்தப் பந்திக்கும் போகவில்லை.

பேச்சும் குறைந்தது. படகு ரிப்பேர் பட்டறையில் ஃபிட்டராக இருந்து, இன்ஜின் சத்தத்துக்கு மேலே குரல் கொடுத்துப் பழகியவன் நான். இப்போது இந்தத் தீவில், லம்பா லைனில் உள்ள எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் என் மனைவியே எனக்கும் சேர்த்துப் பேசினாள். "அவருக்கு டீ வேண்டாம்" என்பாள். சில நாள் எனக்கு டீ வேண்டும்தான். அதைச் சொல்லப்போய் வாய்க்குள் செட் ஆடுவதைவிட, சும்மா இருப்பது மேல் என்று இருந்துவிடுவேன்.

மரைன் ஹில்லில் ஒரு பல் டாக்டர், தாடை அசைவதைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்து அதற்கேற்பப் பல்செட் கட்டுகிறார் என்று அவள்தான் கேள்விப்பட்டு வந்தாள். டாக்டர் சின்னப் பெண். ரங்கத் என்ற ஊரில் குடியேறிய வங்காளி விவசாயி வீட்டுப் பெண் என்று என் மனைவி சொன்னாள். எங்களிடம் இந்தியில்தான் பேசினாள்.

முதல் இரண்டு தடவை அளவு எடுத்தாள். மூன்றாம் தடவை, பல்லுக்குப் பதிலாக மெழுகு வைத்த தட்டுகளை மேலும் கீழும் பொருத்தி, கீழ்த்தட்டில் ஒரு சின்னக் கருவியை மாட்டினாள். தலையைச் சுற்றி மூக்குக் கண்ணாடி மாதிரி ஒரு சட்டம். வாயைத் திறந்து மூடச் சொன்னாள். தாடையை முன்னால் தள்ளுங்க, இடது பக்கம் போங்க, வலது பக்கம் போங்க என்றாள். ஸ்க்ரீனில் கோடுகள் ஓடின. ஆனால் எனக்கு உடம்பே விறைத்துப்போயிருந்தது.

"அங்கிள், ஆராம் சே, நிதானமா. சும்மா ஏதாவது பேசுங்க," என்றாள்.

என்ன பேசுவது? பக்கத்து நாற்காலியிலிருந்து என் மனைவி தொடங்கிவிட்டாள். கல்யாணமான புதிதில் சென்னையிலிருந்து கப்பலில் வந்த கதையை டாக்டருக்கு இந்தியில் சொன்னாள். "மூணு நாளும் இவருக்கு ஒரே வாந்தி. நான்தான் எலுமிச்சம்பழம் வச்சுக்கிட்டுப் பக்கத்துலயே இருந்தேன்."

"யாருக்கு வாந்தி?" என்றேன் தமிழில். "படுத்த இடத்தைவிட்டு எழுந்திரிக்காதது நீ. டெக்குல போய் சோறு வாங்கிட்டு வந்தது யாரு?"

"சோறா? அதைப் பார்த்ததும் திரும்ப ஓடினீங்களே."

"அது ரெண்டாவது தடவை வந்தப்போ. உன் தம்பியும் கூட வந்தான்ல, அப்போ."

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. நிறுத்த வேண்டாம் என்று என் மனைவிக்குக் கையால் சைகை காட்டிவிட்டு, ஸ்க்ரீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் வாக்குவாதத்திலேயே அந்தக் கப்பலை விசாகப்பட்டினம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனோம்.

முடிந்ததும் ஸ்க்ரீனைத் திருப்பிக் காட்டினாள். இடது பக்கம் கோடு நீளமாகப் போயிருந்தது. வலது பக்கம் பாதியிலேயே வளைந்து கீழே இறங்கியது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அசையும் என்று வைத்துப் பழைய செட்டைச் செய்திருக்கிறார்கள். வலது பக்கம் மெல்லும்போது கடைவாய்ப் பற்கள் முன்கூட்டியே இடித்து, செட்டைத் தூக்கிவிடுகின்றன என்றாள். எனக்கு உடனே விளங்கியது. விசிறியைச் சுழற்றும் ஷாஃப்ட் நேர்கோட்டில் இல்லாவிட்டால் படகு முழுக்க அதிரும். அதற்காக யாரும் படகைத் திட்டமாட்டார்கள். இத்தனை நாளும் எனக்குச் சரியாக மெல்லத் தெரியவில்லை என்றே நினைத்திருந்தேன்.

அந்தக் கோடுகளை வைத்து மெயின்லேண்டில் உள்ள லேப் ஒன்றில் பல்லை அமைத்தார்கள். மழையால் விமானம் தாமதமாகி, பார்சல் ஒரு வாரம் கழித்து வந்தது. போட்ட இரண்டாம் நாள் கீழ் ஈறில் புண் வந்தது. டாக்டர் செட்டில் அந்த இடத்தைக் கொஞ்சம் தேய்த்துக் கொடுத்தாள். கொட்டாவி விட்டால் கீழ்ச்செட் இன்னமும் லேசாகக் கிளம்பும். அது அப்படித்தான் இருக்கும், நாக்கு பழகிக்கொள்ளும் என்றாள். நாக்கு பழகிக்கொண்டிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர் வந்தார். என் மனைவி வழக்கம்போல, "அவருக்கு டீ—" என்று ஆரம்பித்தாள்.

"வேணும். சக்கரை கம்மியா," என்றேன்.

அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். முகத்தில் கொஞ்சம் கோபம்கூட இருந்தது, வேலையைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி. பிறகு உள்ளே போய் மூன்று டம்ளர் டீ போட்டு எடுத்துவந்து, எங்களோடு உட்கார்ந்தாள். அன்று மதியம் கணவாய் மீன் வறுவல். சவ்வு சவ்வாக இருந்தது. நிதானமாக, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி மென்றேன்.