இடம் மாறும் எண்கள்

அந்த பேனல் அறையில் என் கையால் ஒருநாள் யாராவது சாகப் போகிறார்கள் என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது. யார், எப்போது என்பதுதான் தெரியவில்லை.

பள்ளிக்கரணையில் சதுப்பு நிலத்தை ஒட்டி நிற்கும் அலுவலகக் கட்டடம் ஒன்றில் நான் எலக்ட்ரீஷியன். மேல் மாடிகளில் வேலை செய்பவர்கள் ஜன்னல் வழியே பறவைகளைப் பார்த்துக்கொண்டு காபி குடிப்பார்கள். எங்கள் இடம் தரைக்குக் கீழே. இரண்டாவது பேஸ்மென்ட்டின் சுவர்களில் கோடையிலும் ஈரம் போகாது. மழைக்காலத்தில் தரைக்கு அடியிலிருந்தே தண்ணீர் ஊறி வரும். அதை வெளியே தள்ள நான்கு பம்புகள் உண்டு. அவற்றுக்கு மின்சாரம் போகும் பேனல் அறை ஒரு தளம் மேலே இருந்தது. சுவர் நீளத்துக்குச் சாம்பல் நிற இரும்புப் பெட்டிகள், ஒவ்வொரு சுவிட்சின் மேலும் நான்கு இலக்க எண். அந்த எண்களுக்குத்தான் நான் பயந்தேன்.

எனக்கு எழுத்துகள் ஆடவோ ஓடவோ செய்யாது. அவை அப்படியேதான் இருக்கும். நான் பார்ப்பதும் படிப்பதும் மட்டும் வேறு வேறாக இருக்கும். தாம்பரத்தில் படித்த பள்ளியில் என்னை எழுப்பிப் பாடம் வாசிக்கச் சொன்னால், மூன்றாவது வரிக்குள் வகுப்பு சிரிக்கத் தொடங்கிவிடும். "கண்ணு தெரியுது, வாய் இருக்குது, படிக்கறதுக்கு மட்டும் உனக்கு இன்னா கேடு?" என்பார் வாத்தியார். எனக்கும் அதே கேள்விதான். பத்தாவதை மூன்றாம் முறை எழுதிக் கரையேறினேன். ஐ.டி.ஐ.யில் செய்முறைத் தேர்வில் நான்தான் முதல். ஒயரையும் மோட்டாரையும் கை தொட்டால் புரிந்துவிடும், படிக்க வேண்டியதில்லை.

அதன் பிறகு இருபது வருடம் ஒளித்தே பிழைத்தேன். படிவம் நீட்டினால், கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன் என்பேன். என்னிடம் கண்ணாடியே கிடையாது. என் மனைவிகூட எனக்குப் படிப்பு ஏறவில்லை என்றுதான் நினைத்திருந்தாள்.

அது நடந்தது ஐப்பசி மழையில். மூன்று நாளாக விடாமல் கொட்டியதில் பம்பு ஒன்று அடைத்துக்கொண்டது. என்னோடு ஆறு வருடமாக வேலை பார்க்கும் நண்பன் அதைக் கழற்றக் கீழே போனான். தாம்பரத்துக்காரன், வேலையில் என்னைவிடக் கெட்டிக்காரன். மேலே இருந்து மின்சாரத்தைத் துண்டிப்பது என் பொறுப்பு. வேலைச் சீட்டில் அந்தப் பம்பின் எண் 2135 என்று எழுதியிருந்தது. நான் 2153ஐ அணைத்தேன். வேறு யாரும் சுவிட்சைப் போடாதபடி சிவப்புப் பூட்டைப் போட்டேன், எச்சரிக்கை அட்டையைத் தொங்கவிட்டேன், வாக்கி-டாக்கியில் சொன்னேன்: "ஆஃப் பண்ணிட்டேன். கை வைக்கலாம்."

எனக்குத் துளிச் சந்தேகமும் வரவில்லை.

இரண்டு நிமிடம் கழித்து வாக்கி-டாக்கி கரகரத்தது. மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் வந்தது. பிறகு அவன் குரல், மிக மெதுவாக: "மச்சான்... ஆஃப் பண்ணேன்னு சொன்னியே. பம்ப் ஓடிகினு கீது."

கணுக்கால் தண்ணீரில் நின்றபடி மின் இணைப்புப் பெட்டியின் மூடியைத் திறந்து, உள்ளே ஸ்பானரை விடப் போயிருக்கிறான். அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் மட்டம் ஏறியதால் பம்பு தானாக இயங்கியிருக்கிறது. அது ஒரு நொடி தாமதித்திருந்தால் அவன் கை உள்ளே இருந்திருக்கும். பயந்து பின்னால் விழுந்ததில் மணிக்கட்டு பிசகியது. அவ்வளவோடு போயிற்று.

ஆனால் பழி அவன்மேல் விழுந்தது. மின்சாரம் இருக்கிறதா என்று டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் கை வைத்தது அவன் தவறு என்று மேனேஜர் எழுதினார். பம்புகளின் எண் பலகைகள் அழுக்காக இருந்ததில் அவன் வேறு பம்பைத் திறந்துவிட்டானாம். நான் அணைத்தது எந்த சுவிட்ச் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் கீழே ஓடிய நேரத்தில் நான் 2153இன் பூட்டைக் கழற்றி, 2135ஐ அணைத்து அதில் மாட்டியிருந்தேன்.

அவனை ஒரு வாரம் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். நான் நான்கு நாள் வாயைத் திறக்கவில்லை. வேலை முடிந்து, பஸ்ஸை விட்டு இறங்கி, பீர்க்கன்கரணை ஏரிக்கரை வழியாக வீட்டுக்கு நடப்பேன். மழையில் ஏரி தெரு மட்டத்துக்கு ஏறி, கரையோர வீடுகளின் படிகளை நனைத்துக்கொண்டிருந்தது. இன்றில்லாவிட்டால் நாளை உள்ளே வந்துவிடும் என்று அங்கே எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நானும் நின்றேன்.

ஐந்தாம் நாள் பாதுகாப்பு அதிகாரி என்னை அழைத்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். லாக் புத்தகத்தில் நான் எண்களை மாற்றி எழுதியிருந்த ஒரு பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

"அண்ணா, இதைக் கொஞ்சம் சத்தமா படிங்க."

"கண்ணாடி எடுத்துட்டு வரல மேடம்."

"பரவாயில்ல. இந்த நம்பர்களை மட்டும் படிங்க."

படித்தேன். ஆறு எண்களில் இரண்டு தப்பு. அவர் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் என்னை உடைத்தது. பூட்டை மாற்றி மாட்டியது வரை எல்லாவற்றையும் சொன்னேன்.

லாக் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "என் தம்பி இப்படித்தான் படிப்பான். அவனுக்கு எட்டு வயசுல கண்டுபிடிச்சாங்க. பூட்டை மாத்தினதுக்கு நான் ரிப்போர்ட் எழுதித்தான் ஆகணும். ஆனா அதுக்கு முன்னாடி நீங்க ஒருத்தரைப் பார்க்கணும்."

சேலையூரில் ஒரு மனநல நிபுணர் இரண்டு நாள் என்னைச் சோதித்தார். டிஸ்லெக்ஸியா, எழுத்தையும் எண்ணையும் மாற்றிப் படிக்க வைக்கும் குறைபாடு என்றார். "முப்பத்தொன்பது வயசுலயா மேடம்?" என்று கேட்டேன். "பிறந்ததுலேருந்து இருக்கு. யாரும் பார்க்கல," என்றார். ஏழு பக்க அறிக்கை கொடுத்தார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு முதல் பக்கத்தைத் தாண்ட முடியாமல் உட்கார்ந்திருந்தேன். நிம்மதி வரவில்லை. இந்தக் காகிதமே என்னை வேலையைவிட்டு அனுப்பிவிடும் என்றுதான் தோன்றியது.

அன்று மாலையே நண்பன் வீட்டுக்குப் போனேன். கட்டுப் போட்ட கையோடு கதவைத் திறந்தான். வாசலில் நின்றபடியே சொன்னேன்.

"உனக்குப் படிக்க வராதுன்றது எனக்குத் தெரியும் மச்சான்," என்றான். "பூட்டை மாத்தினதுதான் தெரியாது."

கதவை மூடிக்கொண்டான்.

எனக்கு ஒரு மாதம் சம்பளமில்லாத விடுப்பு கிடைத்தது. அவன்மேல் இருந்த பழி நீங்கியது. நான் திரும்பியபோது, பாதுகாப்பு அதிகாரி மேனேஜரிடம் போராடிப் புது நடைமுறை கொண்டுவந்திருந்தார். ஒருவர் எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், இன்னொருவர் சுவிட்சைப் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும், இருவரும் பூட்டுப் போட வேண்டும். எனக்காக மட்டும் அல்ல, எல்லோருக்கும். எழுதிய சீட்டை வாய்விட்டுப் படித்துக் காட்டும் செயலியை என் போனில் போட்டுத் தந்தார். சனிக்கிழமைகளில் சேலையூரில் ஒரு பயிற்சியாளரிடம் போனேன். நான்கு இலக்கத்தை இரண்டாக வெட்டி, விரல் வைத்து, இருபத்தொன்று, முப்பத்தைந்து என்று நிறுத்திச் சொல்லப் பழக்கினார்.

நான் வேலைக்குத் திரும்பிய பிறகும் நண்பன் மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் பேனல் அறைக்கு வந்து பக்கத்தில் நின்றான். "நான் படிக்கறேன், நீ திருப்பிச் சொல்லு," என்றான். அவ்வளவுதான். அன்றைய தினத்தைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

இரண்டு வருடம் கழித்து ஷிஃப்ட் இன்சார்ஜ் தேர்வு வந்தது. கேள்விகளை எனக்கு ஒருவர் படித்துக் காட்ட அனுமதித்தார்கள். தேறினேன். பொறுப்பேற்ற காலையில் பத்துப் பேரையும் நிற்க வைத்து, "எனக்கு டிஸ்லெக்ஸியா. நான் சொல்ற நம்பரை அப்படியே நம்பாதீங்க, திருப்பிச் சொல்லுங்க," என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு ஜெனரேட்டர் ஆபரேட்டர் மட்டும் நின்றார். ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர்.

"சார், அது இன்னா பேர் சொன்னீங்க?"

திரும்பச் சொன்னேன்.

"எனக்கும் அப்டித்தான் கீது சார். வால்வுல எழுதிக்கிறது எதையும் நான் படிச்சதில்ல. எதுக்கு எதுன்னு மனப்பாடம்தான். போன மாசம் ஆளுங்க வந்து ரெண்டு பைப் லைனை மாத்திட்டுப் போயிட்டாங்க. இப்போ எது எதுக்குன்னு எனக்குத் தெரியல சார்."

டீசல் தொட்டிகளின் வால்வுகள் எல்லாம் பதினோரு வருடமாக அவர் கையில்தான் இருந்தன. டார்ச்சை எடுத்துக்கொண்டேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. இருவரும் கீழே இறங்கினோம்.