வலை இல்லாத புனல்

எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலைமேல் ஓர் அரசுப் பள்ளியில் நான் அறிவியல் வாத்தியார். மலையில் அப்போது சொந்தக் கார் வைத்திருந்த வாத்தியார் நான் ஒருவன்தான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. கார் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு மூன்று கை மாறி வந்த சின்ன இங்கிலீஷ் கார். சமவெளியில் ஒழுங்காக ஓடும், மலைப்பாதையில் மூச்சு வாங்கும். பின்னால் வரும் பஸ் ஹாரன் அடித்துத் தாண்டிப் போகும். அதன் ஜன்னல்களில் என் மாணவர்கள் சிரித்துக்கொண்டு போவார்கள்.

இன்ஜினுக்குக் காற்று போதவில்லை என்று நானே முடிவு கட்டினேன். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் வாயில் ஏர் கிளீனர் என்று ஒரு தகர டப்பா உட்கார்ந்திருக்கும். உள்ளே போகும் காற்றெல்லாம் அதற்குள் வடிகட்டப்பட்டுத்தான் போக வேண்டும். மூக்கைப் பொத்திக்கொண்டு மலையேறச் சொன்னால் யாரால் முடியும்? டப்பாவைக் கழற்றிவிட்டு, காற்றை நேராக இழுக்கும் அலுமினியப் புனல் ஒன்றை மாட்டிவிடலாம் என்று வேலூருக்குப் போனேன்.

பழைய சாமான் கடைக்காரர் மூன்று புனல்களை எடுத்து வைத்தார். ஒன்று கட்டை, ஒன்று நீளம், மூன்றாவதற்கு வாயில் கம்பி வலை இருந்தது.

"மலை ரோட்டுக்குன்னா வலை வச்சதை எடுத்துக்கோங்க சார். தூசி ஜாஸ்தி."

"வலை வச்சா காத்து கொறையும். நான் இதையே பாடமா நடத்துறவன்" என்றேன்.

அவர் வலை வைத்ததைத் திரும்ப உள்ளே வைத்தார். நீளமானதை வாங்கி வந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதை மாட்டினேன். இடுக்கை அடைக்கும் பேக்கிங் அட்டையை பிளேடால் வெட்டி, காற்று போகும் வழியில் அட்டை நூலளவும் நீட்டாதபடி உப்புத்தாளால் தேய்த்தேன். போல்ட் இரண்டையும் மாற்றி மாற்றிச் சமமாக முடுக்கினேன். காற்று கூடியதற்கு ஏற்பப் பெட்ரோலையும் கொஞ்சம் கூட்டி வைத்தேன். வேலை சுத்தமான வேலை, அதை இன்றும் சொல்வேன். வண்டியைக் கிளப்பியதும் ஒரு உறுமல் வந்தது. என் மனைவி வாசலுக்கு வந்து நின்று கேட்டாள்.

"சத்தந்தான் ஜாஸ்தியா இருக்குது."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னதுதான் நிஜம். சத்தம் கூடியதை நான் சக்தி கூடியதாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த மார்கழியில் ஒரு காலை, போளூரிலிருந்து வந்த பஸ்ஸின் கண்டக்டர் வீடு தேடி வந்து சேதி சொன்னார். கண்ணமங்கலத்தில் என் மாமியாருக்கு ரொம்ப முடியவில்லை, மகளைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். பஸ் அரைமணியில் திரும்பிக் கீழே போகும்.

"பஸ்லயே போய்ட்டு வந்துடலாங்க" என்றாள் மனைவி.

"போளூர்ல எறங்கி இன்னொரு பஸ்ஸுக்கு நிக்கணும். நம்ம வண்டில போனா ஒரு மணி நேரம் முன்னாடியே போயிடலாம்."

அவள் ஏறி உட்கார்ந்தாள். நாங்கள் கிளம்பியபோது பஸ் எங்களுக்குச் சற்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. அதைத் தாண்டிவிட வேண்டும் என்று அதன் வாலைப் பிடித்தபடியே ஓட்டினேன்.

மார்கழியில் மலைக்காரர்கள் அறுத்த சாமைக்கதிரை ரோட்டில் பரப்பிவிடுவார்கள். வண்டிகள் ஏறிப் போனால் மணி உதிரும். யாரும் ஒதுங்கிப் போவதில்லை, ஒதுங்கினால் பரப்பியவர்களுக்கு மரியாதைக் குறைச்சல். அன்றும் ஒரு வளைவுக்கு அப்பால் கதிர் பரப்பியிருந்தது. பஸ் அதன்மேல் ஏறியது. உமியும் தூசியும் ஆள் உயரத்துக்குக் கிளம்பின. நான் வேகத்தைக் குறைக்காமல் அதற்குள் புகுந்தேன். வெளியே வந்து பத்து நிமிடம்கூட ஓடவில்லை. கார் இருமியது, திணறியது, நின்றுவிட்டது. பஸ் வளைவில் திரும்பி மறைந்தது.

பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். பிளக்குக்குப் பொறி கொடுக்கும் பாயிண்டைத் தேய்த்தேன். பெட்ரோல் குழாயை வாயால் ஊதினேன். எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன், என் கையால் மாட்டிய புனலை மட்டும் சந்தேகப்படவில்லை. மனைவி ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து கீழே போகும் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. சாமை பரப்பியிருந்தவர்களில் ஒரு பெண் தலைச்சுமையோடு அந்த வழியாக வந்தாள். நின்று எட்டிப் பார்த்தாள்.

"இன்னா சார், இது வாயத் தொறந்துக்கினு கீது? உமி பூந்துக்கிச்சா பாருங்க."

புனலின் வாயில் உமி ஒட்டியிருந்தது. கார்புரேட்டரைத் திறந்தேன். உள்ளே ஏறி இறங்க வேண்டிய பிஸ்டன் உமியில் சிக்கி அசையாமல் நின்றது. வழித்துப் போட்டால் ஒரு கைப்பிடிகூட இல்லை. கால்மணியில் வண்டி கிளம்பிவிட்டது. மனைவி என் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள்.

கண்ணமங்கலம் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாமியார் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

"கண்ணு மூடுற வரைக்கும் வாசலையே பாத்துட்டு இருந்தாங்க. இன்னா மாமா இவ்ளோ லேட்டு?" என்று மச்சான் கேட்டான்.

"வழியில வண்டி நின்னுடுச்சு. பெட்ரோல்ல தண்ணி கலந்திருந்தது."

அம்மாவின் காலடியில் உட்கார்ந்திருந்த என் மனைவி தலையைத் தூக்கி ஒருமுறை என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள்.

பதினாறாம் நாள் முடிந்து மலைக்குத் திரும்பியதும் முதல் வேலையாகப் பழைய டப்பாவை மறுபடி மாட்டினேன். ஆனால் அவள் அந்தக் காரில் ஏறவில்லை. சண்டை போடவில்லை, குத்திக்காட்டவில்லை. எங்கே கூப்பிட்டாலும் "நீங்க வாங்க, நான் பஸ்ல வர்றேன்" என்பாள். ஆறு வருடம் ஒவ்வொரு திவசத்துக்கும் அவள் பஸ்ஸில் போனாள், நான் பஸ்ஸுக்குக் கொஞ்சம் பின்னால் காரில் போனேன். அன்றைய தாமதத்துக்குத்தான் இந்தத் தண்டனை என்று நினைத்திருந்தேன். கடைசியில் காரை விற்றேன்.

அந்த வருடத் திவசத்துக்கு இருவரும் ஒரே பஸ்ஸில் போனோம். வழியில் சாமை பரப்பியிருந்தது. பஸ் அதன்மேல் ஏறியபோது எல்லோரும் ஜன்னல் ஷட்டரை இறக்கினார்கள், அவளும் இறக்கினாள். அந்த இருட்டில் எனக்குத் துணிச்சல் வந்தது.

"அன்னிக்கு பெட்ரோல்ல தண்ணியெல்லாம் இல்ல" என்றேன்.

"பக்கத்துலதானே நின்னுட்டு இருந்தேன்."

உமி அடங்கும்வரை அவள் ஷட்டரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு ஷட்டரை மேலே தள்ளினாள்.

"வண்டின்னா நிக்கத்தாங்க செய்யும். எங்கம்மாவைப் போட்டு வச்சிருந்த எடத்துல நின்னு பொய் சொன்னீங்க. அங்கியே நெஜத்தைச் சொல்லியிருந்தீங்கன்னா, மறுநாளே நான் உங்க கார்ல ஏறியிருப்பேன்."