டெல்லிக்கு நான்கு நாள் தூரத்தில்

எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. பள்ளிக்கூடத்தில் பெஞ்சுக்கு அடியில் ஆடிக்கொண்டே இருந்த கால், படிப்பு நின்ற பிறகு மாமாவின் சைக்கிள் கடையில் பெடல் மிதித்தது. கடை பாறசாலைச் சந்திப்பில் இருந்தது. பஞ்சர் ஒட்டிய சைக்கிளை ஓட்டிப் பார்க்கிறேன் என்று கிளம்பினால் காஞ்சிரங்குளம்வரை போய்விட்டுத்தான் திரும்புவேன். "ஓட்டிப் பாக்கதுக்கு இந்த ரோட்டு போதாதாலே? கடலு வரைக்குமா போவணும்?" என்று மாமா கத்துவார். நான் பம்பை எடுத்துக்கொண்டு அடுத்த சைக்கிளுக்கு நகர்ந்துவிடுவேன்.

எல்லைப் போராட்டம் சூடுபிடித்திருந்த வருடங்கள் அவை. தெற்குத் திருவிதாங்கூரின் தமிழ்த் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று இரண்டு நாளைக்கு ஒரு கூட்டம், வாரத்துக்கு ஓர் ஊர்வலம். நெய்யாற்றின்கரை எந்தப் பக்கம் என்று டீக்கடையில் தினமும் மாலையில் தீர்ப்பாகும். மறுநாள் காலையில் வேறு ஆட்கள் வந்து அதை மாற்றுவார்கள். ஊரே எந்தப் பக்கம் என்று தவித்துக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் எந்தப் பக்கமானாலும் ஒன்றுதான். நான்தான் அங்கே இருக்கப்போவதில்லையே. சைக்கிளில் டெல்லிக்குப் போகப்போகிறேன் என்று இரண்டு வருடமாகப் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். போகாததற்குக் காரணம் தனியாகப் போகப் பயம். அதை வெளியே சொல்ல வெட்கம்.

என் கூட்டாளி தனுவச்சபுரத்தில் பள்ளிக்கூட வாத்தியார். சின்ன வயதிலிருந்து பழக்கம். அவர்கள் மிஷன் சபைக்காரர்கள், நாங்கள் இந்துக்கள். கிறிஸ்துமஸ் அன்று எனக்கும் பொங்கல் அன்று அவனுக்கும் இரண்டு சாப்பாடு. தாய் தகப்பன் இல்லாத அவனை வளர்த்தது அவனுடைய அக்கா. மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தம்பியைப் படிக்கவைத்து வேலையில் சேர்க்கும்வரை தனக்கு ஒரு கல்யாணம் வேண்டாம் என்று இருந்தவள்.

அவன் போராட்டத்தில் மும்முரமாக இருந்தான். கூட்டங்களில் பேசுவான், நன்றாகவும் பேசுவான். தமிழுக்காகத் தொண்டை வற்றக் கத்துகிறவன், கோபம் வந்தால் மட்டும் மலையாளத்தில்தான் திட்டுவான். கேட்டால், "திட்டுக்கு அதாக்கும் கொள்ளாம்" என்பான். திட்ட அதுதான் லாயக்காம். ஓர் ஊர்வலத்தில் கல் விழுந்தது. எறிந்தது யார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் வழக்கில் இவன் பெயரும் சேர்ந்தது.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அக்கா கடைக்கு வந்தாள். மாமா இல்லாத நேரம் பார்த்து வந்திருக்கிறாள்.

"எலே மக்கா, டெல்லி டெல்லின்னு சொல்லிட்டு அலையுதியே, நேராவா, வெறும் பேச்சா?"

"நேராத்தான் அக்கா."

"அப்ப எனக்க தம்பியையும் கூட்டிட்டுப் போ. சொந்தக்காரங்க வீட்டுல போய் இருன்னா, ஒளிஞ்சு இருக்க மாட்டேன்னு சாடுதான். சைக்கிள் யாத்திரைன்னா வருவான். நான் எழுதுற வரைக்கும் அவனைத் திருப்பிக் கொண்டு வரப்பிடாது. நான் வரச் சொல்லி எழுதினா ஒரு நாளுகூட நிக்கப்பிடாது. எழுத்து உனக்க பேருக்கு வரும். அவனுக்க பேரு கவர்ல வேண்டாம்."

சரி என்றேன். அவனைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு ஒரு பெருமை. உள்ளே இருந்த சந்தோஷம் வேறு: துணைக்கு ஆள் கிடைத்துவிட்டது.

கோடை விடுமுறையில் கிளம்பினோம். அதற்கு மேல் ஆகிற நாட்களுக்கு அவன் பள்ளிக்கூடத்தில் லீவு எழுதிக் கொடுத்திருந்தான். இரண்டு பழைய சைக்கிள், கேரியரில் ஆளுக்கொரு சாக்குமூட்டை, டயர் ட்யூப், ஒட்டுகிற சாமான், அவனிடம் ஒரு பைபிள், என்னிடம் பள்ளிக்கூடத்து இந்தியா படம். தவிர அவன் ஒரு நோட்டும் வைத்திருந்தான். தெற்குத் திருவிதாங்கூர் தமிழர்களை ஆதரிக்கிறோம் என்று முதல் பக்கத்தில் எழுதி, போகிற ஊரில் எல்லாம் கையெழுத்து வாங்கினான். திருநெல்வேலியில் வரிசையில் நின்று போட்டார்கள். பெங்களூர் தாண்டியதும் கதை மாறிவிட்டது. கர்னூலில் ஒரு மாவு மில்காரர் விஷயம் என்னவென்றே கேட்காமல் தெலுங்கில் கையெழுத்துப் போட்டு, எங்களுக்கு மோர் கொடுத்து அனுப்பினார். அதற்கும் வடக்கே போனால் நாங்கள் தமிழர்களும் இல்லை, மலையாளிகளும் இல்லை, வெறும் மதராசி. அவனுக்கு அது பெரிய வருத்தம். எனக்குச் சிரிப்பாக இருந்தது.

எனக்கு எந்த ஊரும் பிடிக்கவில்லை, எல்லா ஊரும் பிடித்தது என்றும் சொல்லலாம். வந்து இறங்கியதும் அடுத்த ஊர் எத்தனை மைல் என்று கேட்பேன். அவன் ஒரு கோயிலையோ ஆற்றையோ பார்த்துக்கொண்டு நின்றால் நான் பெல் அடிப்பேன். "உனக்க ஆசனத்துல முள்ளா இருக்குலே?" என்பான். காலையில் அவன் ஜெபம் சொல்லி முடிப்பதற்குள் நான் இரண்டு சைக்கிளுக்கும் காற்றடித்து முடித்திருப்பேன்.

அக்காவின் கடிதங்கள் பெரிய தபால் ஆபீஸ்களில் எனக்காகக் காத்திருக்கும். மதுரையில் ஒன்று, பெங்களூரில் ஒன்று, ஹைதராபாத்தில் ஒன்று. மூன்றிலும் ஒரே விஷயம்தான்: சுகம், இப்போது வரவேண்டாம். மூன்றையும் அவனிடம் காட்டினேன்.

நாக்பூருக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆடி பிறந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. மழை. அவன் தங்கியிருந்த இடத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தான். நான் மட்டும் தபால் ஆபீஸுக்குப் போனேன். கடிதம் இருந்தது. படிக்கட்டில் நின்றே படித்தேன். வழக்கு ஓய்ந்துவிட்டது, தம்பி இனி வரலாம். தனக்குக் கல்யாணம் உறுதியாகியிருக்கிறது, வருகிற ஞாயிறு சபையில் முதலாவது ஓலை வாசிப்பார்கள். அப்பா இல்லாத குறைக்கு அவன்தான் தன் கையைப் பிடித்துச் சபைக் கோவிலுக்குள் கூட்டிக்கொண்டு போக வேண்டும். 'கண்டதும் ரயிலேற்றி விடு. மற்றது அவனுக்குத் தெரியும்.' அவ்வளவுதான்.

அந்த ஞாயிறு கழிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. நான் சட்டைப் பையிலிருந்து இந்தியா படத்தை எடுத்துப் பார்த்தேன். நாக்பூரிலிருந்து டெல்லி ஒரு சாண்கூட இல்லை.

ஓலை வாசிப்பு எனக்குத் தெரியாதது இல்லை. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்று சபையில் மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். ஆனால் ஆடி மாதத்தில் யார் கல்யாணம் வைப்பார்கள்? எங்கள் வீட்டில் ஆடியில் பெண் பார்க்கக்கூடப் போகமாட்டார்கள். ஓலையை இப்போது வாசித்தாலும் கல்யாணம் ஆவணியில்தான் என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன். பதினெட்டு நாளில் டெல்லி, அங்கிருந்து ரயிலில் ஐந்து நாள், ஆவணி பிறக்கும் முன்னால் அவன் ஊரில் இருப்பான். கணக்கு சரியாக வந்தது. சரியாக வரும்படிதான் போட்டேன்.

"எழுத்து உண்டா?" என்று ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே கேட்டான்.

"இல்ல."

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு பதினான்கு நாள் மிதித்தேன். அந்த நாட்களைப் போல மோசமான நாட்களை நான் வாழ்ந்ததில்லை. கடிதம் என் மூட்டையில் துணிக்கடியில் இருந்தது. அவன் சோப்புக்காகவோ ஊசிக்காகவோ மூட்டைப்பக்கம் போனால் நான் ஓடிப்போய் எடுத்துக் கொடுப்பேன். முன்பெல்லாம் வழியைப் பார்த்து வந்தவன் இப்போது வழியெல்லாம் அக்காவைப் பற்றியே பேசினான். "அவ எழுதாம இருக்க மாட்டா. சுகமில்லியோ என்னவோ. ஒரு கம்பி அடிச்சுப் பாப்பமா?" என்று சாகரில் ஒரு தரம் கேட்டான். தந்தி கொடுத்தால் பயந்துபோவாள் என்று நான் தடுத்தேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனது அடித்துக்கொள்ளும். ஒரு மைல்கல் வரும். டெல்லி இன்னும் இத்தனை மைல் என்று பார்ப்பேன். வாயை மூடிக்கொண்டு மிதிப்பேன்.

ஜான்சியைத் தாண்டிய மறுநாள் ஒரு காட்டாறு ரோட்டை மறித்துக்கொண்டு ஓடியது. தண்ணீர் வடியும்வரை நிற்க வேண்டும் என்றார்கள். ஒரு டீக்கடையின் ஓலைக்கூரைக்குக் கீழே உட்கார்ந்தோம். அது ஒரு செவ்வாய்க்கிழமை. சும்மா உட்கார்ந்தால் எனக்கு வாய் நிற்காது.

"ஆவணி பொறந்தா ஊர்ல எத்தனை கல்யாணச் சாப்பாடு இருக்கும்!" என்றேன்.

"உங்களுக்கு ஆவணி. எங்களுக்கு ஆடியில என்ன? ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோம்பு நாள்ல மட்டும்தான் கிடையாது. எங்க அம்மைக்குத் தாலி கெட்டினதே நல்ல ஆடி மழையில ஆக்கும்."

கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைத்தேன். அவர்கள் வீட்டில் இருபது வருடம் சாப்பிட்டிருக்கிறேன், இது தெரியவில்லை. தெரியவில்லை என்பதும் பொய்தான். நாக்பூரில் அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்டால் டெல்லி போய்விடுமே என்றுதான் கேட்கவில்லை.

மூட்டையை அவிழ்த்துக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அவன் படித்தான். மேலே இருந்த தேதியைப் பார்த்தான். பிறகு விரலை மடக்கி ஞாயிறுகளை எண்ணினான்.

"மூணாம் ஓலை முந்தாநாளு கழிஞ்சு. வியாழக்கிழமை கல்யாணம். எங்க சபையில வியாழக்கிழமைதான்."

நடுவில் புதன் ஒன்றுதான் இருந்தது. எந்த ரயிலும் அந்த நேரத்துக்குள் அவனைக் கொண்டுபோய்ச் சேர்க்காது. நான் மலையாளத்துக்காகக் காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவன் எழுந்து சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு அந்தத் தண்ணீரில் இறங்கிவிட்டான். டீக்கடைக்காரன் கத்தினான். இடுப்புவரை தண்ணீர். நானும் பின்னாலேயே இறங்கினேன்.

இருட்டுவதற்குள் குவாலியர் போய்விட்டோம். தந்தி ஆபீஸில், தான் வந்து சேர முடியாது, சித்தப்பா கைப்பிடித்துக் கூட்டிப்போகட்டும் என்று அடித்தான். பந்தல் போட்டு ஊரைக் கூப்பிட்ட பிறகு கல்யாணத்தைத் தள்ளிவைக்கச் சொல்ல முடியாது. ஸ்டேஷனில் நானும் டிக்கெட் எடுக்கப் போனேன்.

"நீ வராண்டாம்," என்றான். அது ஒன்றுதான் சொன்னான். கையெழுத்து நோட்டைக்கூட சைக்கிள் கேரியரிலேயே விட்டுவிட்டு வண்டி ஏறினான்.

இதையும் எழுதிவிட வேண்டும். மறுநாள் காலையில் அவன் சைக்கிளை ஸ்டேஷன் பார்சல் ஆபீஸில் போட்டுவிட்டு நான் டெல்லிக்குக் கிளம்பினேன். இவ்வளவு செய்தபிறகு டெல்லியையாவது பார்க்க வேண்டாமா என்று ஒரு வீம்பு. நான்கு நாள் தூரம்தான். மறுநாள், வியாழக்கிழமை, சம்பல் ஆற்றங்கரை வரைக்கும் போனேன். வெயில் ஏறியதும் ஊரில் இப்போது கோவில் மணி அடித்திருப்பார்கள் என்று தோன்றியது. பெடலில் வைத்த கால் அழுத்தவில்லை. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக என் கால் சும்மா நின்றது. ரோட்டோரத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பிறகு சைக்கிளைத் திருப்பினேன்.

இரண்டு சைக்கிளையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன். அவன் சைக்கிளை அவன் வீட்டு முற்றத்தில் விட்டபோது அவன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். அக்காவைப் பார்க்கப் போக எனக்கு ஒரு மாதம் ஆனது. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பின்னால் எல்லை விழுந்தபோது அவள் புகுந்த வீடு ஒரு மாநிலமும் பிறந்த வீடு ஒரு மாநிலமுமாகப் போனது வேறு விஷயம்.

நான் போனபோது அவள் ஆஸ்பத்திரிக்குப் போக வெள்ளைச் சேலை கட்டி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை.

"வா மக்கா. நாக்பூருக்குப் போட்ட எழுத்து தபால்ல தொலைஞ்சு போச்சுன்னு தம்பி சொன்னான். எனக்க தலையெழுத்து அப்படி. நீ என்ன செய்வே?"

அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆமாம் என்று தலையாட்டினால் போதும், ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

"தொலையல்ல அக்கா. கிடைச்சு. நான்தான் அவனிட்ட காட்டல்ல. எனக்கு டெல்லி பாக்கணும்னு இருந்து."

அவள் ஒரு செருப்போடு அப்படியே நின்றாள்.

"சித்தப்பா கை நீட்டினாவ," என்றாள். "நான் பிடிக்கல்ல. தனியாத்தான் உள்ள போனேன். அவன் எப்படியும் வந்திருவான்னு பாதி வழியில ஒருக்கா நின்னு திரும்பிப் பாத்தேன். கோவில்ல இருந்தவங்க எல்லாரும் கூடத் திரும்பிப் பாத்தாவ."

அவள் குனிந்து மற்றச் செருப்பை மாட்டினாள். வார் சரியாக விழவில்லை, இரண்டு தடவை இழுத்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"டெல்லி பாத்தியா?"

"இல்ல அக்கா."

"அதும் இல்லியா?" என்றாள்.