இன்னாருக்காக இன்னார்

பத்திரம் எழுதுபவன் நாள் முழுக்க எழுதிக்கொண்டிருப்பான் என்று நினைக்காதீர்கள். பாதி நாள் இங்கிலீஷ் வார்த்தைகளுக்கு அர்த்தம் சொல்லியே அவன் தொண்டை வறண்டுபோகும்.

தொண்ணூறுகளில் ஆரணி ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதிரே மேஜை போட்டேன். பவர், ஏஜெண்ட், நாமினி, லீகல் ஹேர் என்று எங்கள் தொழிலில் புழங்கும் வார்த்தைகளில் முக்கால்வாசி, ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் நிற்பதைப் பற்றியவை. எனக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவியும் போன பிறகு, எனக்குப் பதிலாகவோ எனக்காகவோ நிற்க யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி மேஜையில் என்னோடேயே உட்கார்ந்துவிட்டது. என்னைப் போல அடுத்தவர் குடும்பத்தை எழுதியே முதுகு வளைந்தவர்களுக்கு இது புரியும்.

பவர்

கன்னியப்பன் பட்டு நெசவாளி. முழங்கால் வலி என்று, வந்தவாசி ரோட்டு மனையை விற்க மகனுக்கு பவர் எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு மனைக்கு மட்டும்தான். சில வாரம் கழித்து மகன் முகம் வெளுத்து ஓடி வந்தான். அப்பா எதிலும் வாயே திறப்பதில்லையாம். தறிக்குப் பாவு நூல் வந்தால், "பையனக் கேளு" என்கிறாராம். மகள் கல்யாணப் பத்திரிகையில்கூடத் தன் பெயர் வேண்டாமாம். "பவரத்தான் குட்த்துட்டேனே, இனிமே எனக்கு இன்னா இருக்குது" என்கிறாராம்.

போனேன். அது மனைக்கு மட்டும், உங்கள் அதிகாரம் உங்களிடமே இருக்கிறது, நினைத்தால் நாளைக்கே ரத்து செய்யலாம் என்று மூச்சு விடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, மகன் அந்தப் பக்கம் போனதும் குரலைத் தாழ்த்தினார்: "அதெல்லாம் தெரியும் சார். பவரு என்கிட்ட இருந்தப்ப வூட்ல ஒருத்தரும் என்ன ஒரு வார்த்த கேக்கல. குட்த்தப்புறம்தான் எல்லாரும் வந்து கெஞ்சிகினு கீறாங்க. கொஞ்ச நாள் இப்பிடியே இருக்கட்டும் சார்."

இன்சார்ஜ்

ஒருமுறை ரிஜிஸ்ட்ரார் நீண்ட லீவில் போய்விட்டார். கலசப்பாக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஒருவரை இன்சார்ஜ் போட்டார்கள். மனுஷர் ரிஜிஸ்ட்ரார் நாற்காலியில் உட்காரவே இல்லை. பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டார். வந்த ஜனங்கள் காலி நாற்காலியைப் பார்த்து, "ஐயா எப்ப வருவாரு?" என்று அவரிடமே கேட்டார்கள். அவரும், "வருவாரு" என்று சொல்லி வைத்தார். மத்தியானம் தனியாகச் சாப்பிடுவார் என்பதால் நானும் என் டிபன் பாக்சைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விடுவேன். தனி ஆளுக்குத் தனி ஆள் துணை.

ஒருநாள் கேட்டேவிட்டேன், நாற்காலியில் உட்கார்ந்தால் யார் கேட்கப்போகிறார்கள் என்று. மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "உக்காந்தா பழகிடும் சார். அப்புறம் எழுந்துக்கச் சொல்றப்ப மனசு பேஜாராப் பூடும்."

நாமினி

போஸ்ட் ஆபீஸ் சேமிப்பில் என் நாமினி என் மனைவி. அவள் போய்விட்டதால் வேறு பெயர் கொடுங்கள் என்றார் கவுண்டரில் இருந்த பெண். நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். ஊருக்கெல்லாம் நாமினி என்றால் என்ன என்று விளக்குகிறவனுக்கு, சொல்ல ஒரு பெயர் இல்லை. வெட்கமாக இருந்தது.

பக்கத்து டீக்கடைக்காரர் தினமும் என் முகத்தில் விழிக்கிறவர், நல்ல மனிதர். உங்கள் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். டீ ஆற்றிய கை நின்றுபோனது: "வாணாம் சார், கோச்சிக்காதீங்க. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா, போலீசு மொத ஆளா என்னத்தான் புடிக்கும்."

லீகல் ஹேர்

ஏகாம்பரம் என்ற நெசவாளி இறந்த அன்று காலையில் அவருடைய பங்காளி ஒருவர் சைக்கிளில் வந்து, "ஸ்டாம்ப் பேப்பரோட ஜல்தி வாங்க" என்றார். ஏகாம்பரத்துக்குப் பிள்ளை இல்லை. அப்படிப்பட்ட வீட்டில் மனைவி தன் கையால் ஒரு தர்ப்பைப் புல்லை எடுத்துக் கொடுப்பாள். அதை வாங்கிக்கொள்கிற ஆண் அவளுக்காகக் கொள்ளி வைப்பார். முத்திரைத்தாள் தேவைப்படாத பவர் பத்திரம். ஆனால் கொள்ளி வைத்தவர் பிறகு நான்தான் லீகல் ஹேர், சட்டப்படி வாரிசு என்று கிளம்புவதும் உண்டு. இந்தப் பங்காளிகளுக்கு அதுவரை பொறுமை இல்லை. தறி இருக்கிற பாதி வீட்டை எழுதிக் கொடுத்தால்தான் புல்லை வாங்குவோம் என்று வாசலில் நின்றார்கள். எழுதுவதற்குத்தான் நான்.

உள்ளேயிருந்து ஏகாம்பரத்தின் மனைவி சரோஜா எழுந்து வந்தார். கையில் புல். பங்காளிகளைத் தாண்டி நேராக என் முன்னால் வந்து நீட்டினார். ஒரே ஜாதி ஜனம் என்பதைத் தவிர எனக்கும் அந்த வீட்டுக்கும் உறவில்லை. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை, வாங்கிக்கொண்டேன். யாருக்கும் பிள்ளையாக இருந்து வெகுகாலமான நான், அன்று அந்த வீட்டுப் பிள்ளையாகச் சுடுகாட்டுக்குப் போய்வந்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மறுநாள், "ஏம்மா என்னைக் கூப்பிட்டீங்க?" என்று கேட்டேன். சரோஜா சொன்னார்: "உங்களுக்குத்தான் யாரும் இல்லியே சார். என் வூட்டப் புடுங்கி நீங்க யாருக்குக் குடுக்கப் போறீங்க?"

ஊருக்கே பதில் ஆள் ஏற்பாடு செய்து கொடுத்த எனக்கும் கொள்ளி வைக்க ஒருவர் கிடைத்தாலும் கிடைப்பார், அவர் கையில் அந்தப் புல்லை எடுத்துக் கொடுக்கத்தான் வீட்டில் ஆள் இல்லை.